பழைய போன் வாங்கப் போகிறீர்களா? சிம் ஊசியும் சார்ஜரும் எடுத்துக்கொண்டு போங்கள்

எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குக் கடையில் புதிதாக ஒரு போன் வாங்குவதைவிட, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு நல்ல போனைப் பழையதாக வாங்குவதே மேல். யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். புது போனில் பெட்டி பிரிக்கும் சந்தோஷம் இருக்கிறது, ஒரு வருட வாரண்டி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலும் மெதுவான ஈஎம்எம்சி ஸ்டோரேஜ், 4 ஜிபி ராம், லாக் ஸ்கிரீனிலேயே விளம்பரம், நாம் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம் ஆப்கள். பின்பக்கம் மூன்று வளையம் இருக்கும், அதில் ஒன்று 2 மெகாபிக்சல் மேக்ரோ, இன்னொன்று சும்மா அழகுக்கு. ஒரு வருடம் ஓடிய பிறகு டீக்கடையில் ஜிபே திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.

விலை கூடிய போன்களில் இந்தத் தொல்லை கிடையாது. வேகமான யுஎஃப்எஸ் ஸ்டோரேஜ், கை ஆடினாலும் படம் ஆடாத கேமரா, வெயிலில் தெரிகிற திரை எல்லாம் மூன்று வருடம் கழித்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முக்கியமாகத் தேய்வது பேட்டரிதான், அதை மாற்றிக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், நம் ஆட்கள் பழைய போனை வாங்கும் விதத்தில். கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிக் கீறல் பார்க்கிறார்கள், ஓரத்தில் ஒரு சின்னக் குழி இருந்தால் ஐநூறு குறைத்துக் கேட்கிறார்கள், செல்ஃபி ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். கீறல்தான் இருப்பதிலேயே கடைசிப் பிரச்சினை, கவர் போட்டால் மறைந்துவிடும். திருட்டு போனா, பழைய ஓனரின் கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறதா, திரை மாற்றியதா, அப்டேட் எத்தனை நாளைக்கு வரும், இந்த நான்கும்தான் காசை விழுங்குபவை. இதில் எதுவுமே வெளியில் பார்த்தால் தெரியாது.

எந்த மாடல் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய், அவர் எடுத்துக் காட்டுவதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் எது தேங்கியிருக்கிறதோ அதுதான் உங்கள் கைக்கு வரும்.

முதலில் பார்க்க வேண்டியது அப்டேட் கணக்கு. இந்தக் கணக்கு மாடல் வெளியான தேதியிலிருந்து ஓடுகிறது. முதல் ஓனர் இரண்டு வருடம் தாமதமாக வாங்கியிருந்தாலும், பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தாலும் அது நிற்காது. சாம்சங் எஸ்23 வந்தது 2023 பிப்ரவரியில், ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட் என்பதால் 2028 தொடக்கம் வரை ஓடும். கூகுளின் பிக்சல் 7 வந்தது 2022 அக்டோபரில், அது 2027 அக்டோபரோடு சரி. 2023 அக்டோபரில் பிக்சல் 8-உம் 2024 ஜனவரியில் எஸ்24-உம் ஏழு வருடம் என்ற வாக்கோடு வந்தன, அதனால் பழைய போன் சந்தையில் இந்த இரண்டு வரிசைக்கும் இப்போது தனி மவுசு. ஐபோனில் ஆப்பிள் எத்தனை வருடம் என்று இப்படி விளம்பரம் செய்து சொல்வதில்லை, ஆனால் நடைமுறையில் ஏறக்குறைய ஆறேழு வருடம் தருகிறது. 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் ஐஓஎஸ் 26-இல் கழற்றிவிடப்பட்டன, 2019-இன் ஐபோன் 11 தப்பித்தது. அதனால் இன்று யாராவது எக்ஸ்ஆரை மலிவாகத் தருகிறேன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். வாட்ஸ்அப் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், வங்கி ஆப்கள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை.

அடுத்தது அந்த மாடலின் ஜாதகம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தெரிந்த நோய் இருக்கும், யூடியூபில் மாடல் பெயரோடு 'பிராப்ளம்' என்று சேர்த்துத் தேடினாலே கொட்டும். உதாரணமாக, எஸ்22-ஐயும் எஸ்23-ஐயும் பக்கத்தில் வைத்தால் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் இந்தியாவில் விற்ற எஸ்22-க்குள் இருப்பது ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 என்ற சிப், சாம்சங் ஆலையில் செய்தது, சூடாவதற்குப் பேர்போனது. எஸ்23-இல் இருக்கும் 8 ஜென் 2 தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்தது, அதே வேலையைக் குறைந்த சூட்டில், குறைந்த பேட்டரியில் செய்கிறது. இரண்டில் ஒன்று என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு எஸ்23 பக்கம்தான். அதிலும் முடிந்தால் 256 ஜிபி, ஏனென்றால் அந்த மாடலில் 128-க்குள் யுஎஃப்எஸ் 3.1 வைத்துவிட்டு 256-க்குத்தான் புதிய 4.0 கொடுத்தார்கள். இந்த மாதிரி வேலையையெல்லாம் பெட்டியில் பெரிதாக எழுத மாட்டார்கள்.

பிக்சல் மேல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 4, 5, 6 ஆகிய மூன்று மாடல்களையும் கூகுள் இந்தியாவில் விற்கவே இல்லை. ஏ என்ற எழுத்தோடு வந்த 4ஏ, 6ஏ மட்டும்தான் இங்கே வந்தன. ஆக, யாராவது பிக்சல் 6 விற்கிறார் என்றால் அது வெளிநாட்டிலிருந்து வந்தது, உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். 6ஏ-வுக்கும் வேறு கதை உண்டு. பேட்டரி சூடாகும் ஆபத்தைக் காரணம் காட்டி 2025 ஜூலையில் கூகுள் கட்டாய அப்டேட் ஒன்றை அனுப்பி, 400 முறை சார்ஜ் ஏறிய பிறகு சில போன்களின் பேட்டரிக் கொள்ளளவையே குறைத்துவிட்டது. கேமரா நல்ல கேமராதான், ஆனால் அதற்காகப் பவர் பேங்கோடு குடும்பம் நடத்த முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தார், மச்சான் கொடுத்தார் என்று ஐபோன் வந்தால் சிம் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் போன்களில் சிம் துளையே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். அவசரத்துக்கு சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய தலைவலி. அங்கே தவணையில் வாங்கியதாக இருந்தால் அந்த ஊர் நெட்வொர்க்குக்கே பூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு, இங்குள்ள சிம்மைப் போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

விலையை எப்படிக் கண்டுபிடிப்பது

விற்பவர் எப்போதும் தான் வாங்கிய விலையிலிருந்து பேச்சை ஆரம்பிப்பார். "எழுபதாயிரம் போட்டு வாங்கினது சார்." அது அவர் கணக்கு, நமக்கு அதில் வேலை இல்லை.

நான் செய்வது இதுதான். பழைய போனை வாங்கிக்கொள்ளும் இணையதளங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றில் போய், அந்த மாடலை நானே விற்பதுபோல விவரங்களைக் கொடுத்துப் பார்ப்பேன். கீறல் உண்டு, பெட்டி உண்டு, பில் உண்டு என்று உண்மையாகவே நிரப்ப வேண்டும். அவர்கள் சொல்லும் தொகைதான் அடிவிலை, விற்பவருக்கு வேறு வழியில்லாமல் போனால் கிடைக்கும் காசு. அடுத்து அதே தளத்தில் அதே மாடலைச் சரிபார்த்து வாரண்டியோடு என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பாருங்கள், அது மேல்விலை. தனி ஆளிடம் நேரில் வாங்கும்போது அடிவிலைக்குக் கொஞ்சம் மேலே முடிந்தால் இரண்டு பேருக்கும் லாபம். மேல்விலைக்குப் பக்கத்தில் கேட்கிறார் என்றால், ஆறு மாத வாரண்டி கிடைக்கிற இடத்திலேயே வாங்கிவிட்டுப் போகலாமே.

சென்னையில் ரிச்சி தெரு, பர்மா பஜார் என்று போகிறவர்களும் இந்த இரண்டு விலையையும் மனதில் வைத்துக்கொண்டு போனால் நல்லது. அங்கே நல்ல கடைகள் இருக்கின்றன, வருடக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து, பிரச்சினை என்றால் முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நின்றுகொண்டே, கும்பலுக்கு நடுவில், 'இப்பவே எடுத்தா இந்த ரேட்டு' என்ற அவசரத்தில் அரை மணி நேரம் சோதிக்க விட மாட்டார்கள். சோதிக்க விடாத இடத்தில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வழியாக வாங்கினால் நேரில் பார்த்துத்தான் காசு. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் மட்டும் போடுங்கள் என்று ஐடி கார்டு படத்தோடு பேசுகிறவர் நூற்றுக்கு நூறு ஏமாற்றுக்காரர். சந்திக்கும் இடம் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாக இருக்கட்டும். அவர் வீட்டுக்கே கூப்பிட்டால் இன்னும் நல்லது, வீட்டைக் காட்டுகிறவர் திருட்டு போனை விற்பது அபூர்வம்.

விற்பவரிடம் போனில் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: முழுதாகச் சார்ஜ் போட்டுக் கொண்டுவர வேண்டாம், நாற்பது ஐம்பது சதவீதம் இருந்தால் போதும். தேய்ந்த பேட்டரி நூறிலிருந்து அறுபது வரை ஒழுங்குப் பிள்ளையாக நடந்துகொள்ளும். முப்பதுக்குக் கீழேதான் சுயரூபம் காட்டும், இருபத்தைந்து காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணையும்.

நேரில் போனதும்

உங்கள் சிம், சிம் ஊசி, சொந்த சார்ஜர், ஒயர், ஒரு இயர்போன், ஹாட்ஸ்பாட் போடுவதற்கு உங்கள் இன்னொரு போன். இவ்வளவையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

டயல் பேடில் *#06# அடியுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண் வரும், இரண்டு சிம் என்றால் இரண்டு எண். அது பெட்டியில் இருப்பதோடும் பில்லில் இருப்பதோடும், ஐபோனில் சிம் தட்டில் பொறித்திருந்தால் அதோடும் ஒத்துப்போக வேண்டும். பிறகு அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். என்ன கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது சாம்சங், பதிலில் வேறு கம்பெனி பெயர் என்றால் ஐஎம்இஐயை மாற்றியிருக்கிறார்கள். கறுப்புப் பட்டியல், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, இந்த மூன்றில் எது வந்தாலும் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். திருடு போனதாகப் புகார் கொடுத்து முடக்கிய போன் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. ஐஎம்இஐயை மாற்றுவது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம், அந்த போன் உங்கள் பையில் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

(இந்த சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புது போனிலும் கட்டாயம் ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் கம்பெனிகளுக்கு உத்தரவு போய், பெரிய எதிர்ப்புக் கிளம்பி, டிசம்பர் முதல் வாரத்திலேயே அரசு பின்வாங்கியது. எனக்கும் அந்தக் கட்டாயம் பிடிக்கவில்லை. ஆனால் சேவை நல்ல சேவை, ஆப் இல்லாமல் இணையதளத்திலேயே வேலை முடிந்துவிடும்.) இலங்கையில் இருப்பவர்கள் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, எண்ணைச் சேர்த்து 1909-க்கு அனுப்பிப் பார்க்கலாம்.

அடுத்து பூட்டு. மொத்தச் சோதனையிலும் இதற்குத்தான் நேரம் அதிகம் கொடுக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஆண்ட்ராய்டில் 2015-இலிருந்து, அதாவது 5.1 பதிப்பிலிருந்து, ஒரு காவல் இருக்கிறது. கூகுள் கணக்கை நீக்காமல், பட்டன்களை அமுக்கி வெளியிலிருந்து ரீசெட் அடித்தால், திரும்ப ஆன் ஆகும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்தே இது உண்டு, தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை அணைக்காமல் ரீசெட் அடித்தால் பழைய ஓனரின் ஆப்பிள் கணக்கு இல்லாமல் உள்ளே போக முடியாது. திருடனுக்கு வைத்த பூட்டு, அவசரத்தில் வாங்குகிறவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். விற்பவர் உங்கள் கண்ணெதிரில் செட்டிங்ஸுக்குள் போய்த் தன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், அப்போது அவருடைய பாஸ்வேர்டை அவரே அடிக்க வேண்டும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, அண்ணன் கணக்கு, அவரிடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றால் நாளைக்கே வாங்கிக்கொள்ளலாம். வெளியேறியதும் செட்டிங்ஸ் வழியாகவே ஃபேக்டரி ரீசெட். அது முடிந்து 'ஹலோ' என்று வந்ததும் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும் வரைக்கும் போங்கள். இணைய இணைப்பு இல்லாமல் தாண்டிப் போகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இணைத்தால்தான் பூட்டுகள் வெளியே வரும்.

பூட்டுகள் என்று பன்மையில் சொல்கிறேன், ஏனென்றால் கணக்குப் பூட்டு மட்டும் இல்லை. ஈஎம்ஐயில் வாங்கிய போன்களில் தவணை கட்டாவிட்டால் தூரத்திலிருந்தே பூட்டும் வசதியை வைத்துத்தான் சில நிதி நிறுவனங்கள் கொடுக்கின்றன. ரீசெட் அடித்தாலும் அது போகாது, இணையம் கிடைத்ததும் திரும்ப வந்து உட்காரும். கம்பெனி ஊழியருக்குக் கொடுத்த போனிலும் இப்படித்தான், செட் செய்யும்போதே 'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்கிற மாதிரி ஒரு வரி வரும். அதைப் பார்த்தால் மூடிக் கையில் கொடுத்துவிடுங்கள், அவரே பூட்டை எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் சரி.

ஆண்ட்ராய்டு என்றால் இன்னொன்று. பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் பிளே புரொடெக்ட் சான்றிதழ் என்ற இடத்தில் 'சாதனம் சான்றளிக்கப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். ரூட் செய்ததோ (கம்பெனி வைத்த கட்டுப்பாட்டை உடைத்ததோ), வேறு ரோம் (கம்பெனி கொடுக்காத மென்பொருள்) ஏற்றியதோ என்றால் பெரும்பாலும் இங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட போனில் வங்கி ஆப்பும் யுபிஐயும் எப்போது ஓடும், எப்போது மறுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

திரையும் மற்றதும்

உடைந்த திரையை மாற்றி விற்பது தப்பில்லை, அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு. ஒரிஜினல் திரையா, சந்தையில் 'காம்போ' என்று கிடைக்கும் மலிவுத் திரையா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஐபோன் என்றால் வேலை சுலபம், செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் உள்ளே 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி' என்று ஒரு பகுதி இருந்தால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐபோன் 11 முதல் திரை, எக்ஸ்எஸ் முதல் பேட்டரி, 12 முதல் கேமரா எல்லாம் இதில் தெரியும். ஆப்பிளின் பாகம் போட்டிருந்தால் அப்படியே சொல்லும், இல்லையென்றால் 'தெரியாத பாகம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். அதே பக்கத்தில் மாடல் எண்ணின் முதல் எழுத்தையும் பாருங்கள். எம் என்றால் கடையில் புதிதாக விற்றது, எஃப் என்றால் சரிசெய்து விற்றது, என் என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்த போன். எஃப், என் இரண்டும் மோசம் இல்லை, ஆனால் 'ஒரே ஓனர், பெட்டியோட அப்படியே இருக்கு' என்று கதை சொன்னவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். திரையிலேயே கைரேகை வைக்கிற போன்களில் மலிவான எல்சிடி திரை போட்டிருந்தால் பெரும்பாலும் கைரேகை வேலையே செய்யாது, 'செட்டிங்ல ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்' என்று சமாளிப்பார்கள். உடனே உங்கள் விரலைப் பதிவு செய்து பாருங்கள். சுற்றியுள்ள கறுப்பு விளிம்பு ஒரு பக்கம் தடித்திருந்தாலோ, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பசை எட்டிப் பார்த்தாலோ திறந்த பீஸ்தான்.

சாம்சங் என்றால் *#0*# அடித்தால் ஒரு சோதனைப் பலகை வரும், ஷியோமி போன்களில் *#*#6484#*#* அடித்தால் வரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக முழுத்திரையில் காட்டும், டச், ஸ்பீக்கர், அதிர்வு எல்லாம் அதிலேயே பார்த்துவிடலாம். மற்ற போன்களில் வெறும் வெள்ளைப் படமும், சாம்பல் நிறப் படமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிப் பார்த்தால் பழைய கீபோர்டின் நிழல், மேலே மணியும் பேட்டரியும் இருக்கும் இடத்தின் நிழல் மங்கலாகத் தெரியும், திரை எரிந்திருக்கிறது என்று அர்த்தம். சாம்பலில் வெளிச்சத்தைக் குறைத்தால் பச்சை அடிக்கிறதா என்று தெரியும். அமோலெட் திரைகளில் குறுக்கே ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டால் அது தானாகப் போகாது, திரையை மாற்றத்தான் வேண்டும், ஆகவே மெல்லிய கோடு என்று விலை குறைத்து வாங்குவதும் நஷ்டம்தான். டச்சுக்கு, ஏதாவது ஒரு ஆப் ஐகானை அமுக்கிப் பிடித்து, விடாமல் திரை முழுக்க மூலை மூலையாக இழுத்துப் பாருங்கள். எங்காவது கை நழுவியதுபோல ஐகான் கீழே விழுந்தால் அந்த இடம் செத்திருக்கிறது.

சிம் தட்டை வெளியே எடுத்து, இன்னொரு போனின் டார்ச்சை அந்தத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். பல போன்களில் உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். தண்ணீர் போயிருந்தால் அது சிவப்பாகியிருக்கும். கழுவித் துடைத்துக் காயவைத்துப் பாலிஷ் போட்டுக் கொண்டுவரலாம், அந்த ஸ்டிக்கரைத் திரும்ப வெள்ளையாக்க முடியாது. தண்ணீர் குடித்த போன் இன்றைக்கு நன்றாகத்தான் ஓடும், உள்ளே துரு தன் வேலையை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். என்ன விலைக்குக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

பேட்டரி. ஐபோனில் பேட்டரி ஹெல்த் சதவீதமே வந்துவிடும், எண்பதுக்குக் கீழே என்றால் மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள். மூன்று வருடப் பழைய போனில் நூறு என்று காட்டினால் சந்தோஷப்படாமல், மேலே சொன்ன பார்ட்ஸ் பக்கத்தில் போய் யார் மாற்றியது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் எல்லாவற்றிலும் இந்த எண் கிடைக்காது, சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் சோதித்தால் நிலைமை நன்றா இல்லையா என்று மட்டும் சொல்லும். நடைமுறைச் சோதனை ஒன்று இருக்கிறது: வெளிச்சத்தை முழுதாக வைத்து, கேமராவில் வீடியோவை ஓடவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். சதவீதம் எப்படி இறங்குகிறது, முதுகு எவ்வளவு சுடுகிறது என்று பார்த்தால் போதும். அப்புறம் உங்கள் சார்ஜரைச் செருகி, ஒயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். விட்டு விட்டு ஏறினால் ஓட்டையில் தூசியாகவும் இருக்கலாம், போர்ட் போயும் இருக்கலாம்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். உங்கள் சிம்மைப் போட்டு வீட்டுக்கு ஒரு கால், காதில் வைத்தால் திரை அணைகிறதா, ஸ்பீக்கரில் போட்டால் அந்தப் பக்கம் கேட்கிறதா. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் வெளிநாட்டு போனில் வோல்ட்டி (4ஜி வழியாகக் கால் பேசும் வசதி) ஓடாவிட்டால் ஜியோ சிம்மில் சாதாரணக் காலே போகாது, இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு சிம் துளையையும் பாருங்கள். ஒரு வீடியோ எடுத்துச் சத்தத்தோடு போட்டுக் கேளுங்கள், ஏனென்றால் காலுக்கு ஒரு மைக், வீடியோவுக்கு இன்னொரு மைக். கேமராவில் ஒவ்வொரு லென்ஸுக்கும் மாறி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் உள்ளே தூசியோ புள்ளியோ இருந்தால் தெரிந்துவிடும். மேப்பைத் திறந்து இடத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான்.

இவ்வளவையும் செய்யும்போது விற்பவர் முகம் மாறும். "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா, நம்ம பொண்ணு கையில வச்சிருந்த போன்" என்பார். நம்பிக்கை இருக்கிறது தம்பி, போனைத்தான் பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். நேர்மையாக விற்கிறவர் ஐந்து நிமிடம் சலித்துக்கொண்டு, பிறகு தானே ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்துவிடுவார்.

காசு கொடுக்கும்போது

பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், அதில் ஐஎம்இஐ இருக்க வேண்டும். பில் இல்லை, தொலைந்துவிட்டது என்றால், ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பகுதியிலிருந்து எடுத்துவிடலாமே என்று கேளுங்கள், அங்கேயே கதை தெரிந்துவிடும். ஒரு வெள்ளைத்தாளில் போனின் மாடல், ஐஎம்இஐ, விலை, தேதி, 'இது என் சொந்த போன், இன்னாருக்கு விற்கிறேன்' என்று ஒரு வரி எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள், முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் நகல் ஒன்றும் கூட. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல நேர்ந்தால் இந்தத் தாள்தான் பேசும். காசை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அவர் பெயருக்கே அனுப்புங்கள், பெயர் பில்லோடு ஒத்துப்போகிறதா என்பதும் அப்போதே தெரியும். நண்பர் எண்ணுக்கு அனுப்புங்கள் என்றால் காரணம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, பழைய போனை உடனே விற்றுவிடாதீர்கள். யுபிஐ ஆப்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் புது போனில் பதிவாகும், கணக்குக்குள் நுழையக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் அதை முறையாக மாற்றாமல் பழையதை அழித்தால் சொந்தக் கணக்குக்குள்ளேயே போக முடியாது, வாட்ஸ்அப்புக்கும் பேக்கப் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரு வாரம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரத்தில் வந்திருக்கிற அப்டேட்டுகளை எல்லாம் ஏற்றி, ஒருமுறை வெயிலில் மேப் போட்டு வண்டி ஓட்டி, ஒருமுறை முழுச் சார்ஜிலிருந்து அணையும்வரை பயன்படுத்திப் பாருங்கள். பேட்டரி நாள் முழுக்கத் தாங்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றிவிடுங்கள், தெருக்கடையில் பாதி விலைக்குப் போடுகிற பேட்டரி ஆறு மாதத்தில் ஊதிக்கொண்டு திரையைத் தூக்கும். யார் திறந்து மாற்றினாலும் தண்ணீர்த் தடுப்பு முன்போல இருக்கும் என்று நம்ப வேண்டாம், மழையில் பாலித்தீன் கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.